உன்னை யார் எடைபோடுவது?

பேரப்பிள்ளைகளே, நாலு பேர் நம்மை மதிக்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. தத்தித் தத்தி நடக்கிற குழந்தைகூட நாம் கைதட்டினால் உற்சாகமாக அடுத்த அடி எடுத்து வைக்கிறது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாலு பேர் யார் என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்கிறேன். அந்த உரிமையைத் தெருவில் போகிற வருகிறவர்களிடம் கொடுத்துவிட்டுத்தான் நம்மில் பலர் ராத்திரி தூக்கமில்லாமல் புரள்கிறோம்.

தமிழறிஞர் உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கையில் ஒரு நாளைச் சொல்கிறேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனபோது வயது ஏறக்குறைய 25. திருவாவடுதுறை ஆதீனத்தில் நல்ல பெயர், மாணவர்களிடமும் மதிப்பு. அந்த ஆண்டு அக்டோபரில், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று இவர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியாரின் முகத்தில் வியப்பே இல்லை. இவற்றால் என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்றார். இவர் படித்ததில்லை.

நம்மில் எத்தனை பேர் அதற்குப் பிறகு அந்த வாசற்படியை மிதித்திருப்போம்? அவர் மறுபடியும் போனார். முதலியார் கொடுத்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை வாங்கிவந்து படித்தார். அது சமணக் காப்பியம். பல இடங்கள் பிடிபடவில்லை. கும்பகோணத்தில் இருந்த சமணக் குடும்பங்களைத் தேடிப் போய்ச் சந்தேகம் கேட்டார். கல்லூரியில் பாடம் சொல்கிறவர், அங்கே பாடம் கேட்கிறவராக உட்கார்ந்தார்.

பழைய ஓலை ஏடுகளை ஒப்பிட்டு அவர் பதிப்பித்த சிந்தாமணி 1887இல் அச்சாகி வெளிவந்தது. கண்டனங்களும் வந்தன. மனம் நொந்தாலும் வேலையை விடவில்லை. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. மகாமகோபாத்தியாயர் பட்டம் வந்தது 1906இல்; சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது 1932இல், அவருடைய 77ஆம் வயதில். ஊர் உலகம் மெச்சும்வரை கைகட்டி உட்கார்ந்திருந்தால் எத்தனை ஏடுகள் செல்லரித்துப் போயிருக்கும்!

இந்தக் கதையில் என்னை நெகிழ வைப்பது பட்டங்கள் இல்லை. புகழ்ந்தவர்கள் பலர் இருக்க, குறை சொன்ன ஒருவரின் பேச்சுக்கு அவர் மதிப்புக் கொடுத்தாரே, அதுதான். விஷயம் தெரிந்தவர் சொல்கிற குறையிலும் நம்மேல் ஒரு மரியாதை இருக்கிறது. இவனால் இன்னும் முடியும் என்று நினைக்கிறவர்தான் வாய் திறந்து சொல்வார்.

போன மார்கழியில் எங்கள் தெருவில் ஒரு பெண் பனியில் உட்கார்ந்து பெரிய சிக்குக் கோலம் போட்டாள். படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள். நிமிஷத்துக்கு ஒருதரம் போனைத் திறந்து யார் யார் பார்த்தார்கள் என்று எண்ணினாள். ஏழெட்டுப் பேருக்குமேல் ஏறவில்லை என்றதும் முகம் வாடி, படத்தையே அழித்துவிட்டாள். அதே நேரம் எதிர்வீட்டுப் பாட்டி குனிந்து, இழை போகிற வழியெல்லாம் விரலால் தொடர்ந்து பார்த்துவிட்டு, "கண்ணு, கோடு ஒண்ணும் நடுங்கலையே! அந்த மூலையில மட்டும் இழை சேராம நிக்குது, பாரு" என்றார். அன்று அந்தக் கோலத்தை முழுதாகப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவள் அதை ஒரு பாராட்டாகவே எண்ணவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

ஆகவே பிள்ளைகளே, மூன்று விஷயம் சொல்கிறேன். முதலாவது, நீங்கள் செய்கிற வேலையை நன்றாக அறிந்தவர், உங்கள்மேல் அக்கறை உள்ளவர் என்று இரண்டு மூன்று பேரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்னால் கேளுங்கள். இரண்டாவது, மற்றவர்கள் புகழ்ந்தால் நன்றி சொல்லுங்கள், இகழ்ந்தால் கடந்து போங்கள். இரண்டையும் வைத்து உங்களை எடைபோடாதீர்கள். மார்க் குறைந்தாலும், வேலை கிடைக்கத் தாமதமானாலும், சொந்தக்காரர்கள் விசேஷ வீட்டில் துருவித் துருவிக் கேட்டாலும், மனுஷனாக உங்களுக்குள்ள மதிப்பில் குன்றிமணி அளவும் குறையாது.

மூன்றாவது, மற்றவர்களுக்கு அந்த ஓர் ஆளாக நீங்கள் இருங்கள். தம்பி வரைந்த படமோ, அம்மா வைத்த குழம்போ, கூட வேலை பார்க்கிறவர் எழுதிய கணக்கோ, நின்று நிதானமாகப் பாருங்கள். சும்மா "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போகாமல், எது நன்றாக இருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காமல் ஏங்குகிறவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.