தடமில்லா நாட்டின் ஆற்றுப்படை

'ஆறு' என்னும் சொல் நீர் ஓடும் ஆற்றையும் குறிக்கும்; மாந்தர் நடக்கும் வழியையும் குறிக்கும். ஆற்றுப்படை இலக்கியத்தைப் பாடஞ்சொல்லத் தொடங்கும்போதெல்லாம் இதனைச் சொல்லியே தொடங்குவது என் வழக்கம். பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள் உள. அவற்றுள் என் நெஞ்சுக்கு அணுக்கமானது மலைபடுகடாம். மற்றவை புரவலன் புகழில் மிகுதியும் தோய்ந்திருக்க, இந்நூலோ வழியின் இடர்களை எண்ணி எண்ணிச் சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, புனங்காப்போர் எறியும் கவண்கல் என அது எச்சரிக்கும் இடங்களைப் படிக்கும்போது, பெருங்கௌசிகனார் அம்மலையைக் காலால் அறிந்தவர் என்றே எனக்குத் தோன்றும்.

நீரோடும் ஆறே நடக்கும் ஆறாகவும் அமைந்த நிலம் ஒன்று இக்காலத்தும் உண்டு என்பதை என் பழைய மாணவர் ஒருவர் வாயிலாக அறிந்தேன். அமெரிக்காவில் பொறியாளராகப் பணிபுரியும் அவர், 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அலாஸ்காவின் வடபகுதியில் வழிகாட்டியுடன் கூடிய நடைப்பயணக் குழு ஒன்றில் சேர்ந்து பன்னிரண்டு நாள் நடந்து திரும்பினார். மறு ஆண்டு ஊர் வந்தபோது மூன்று மாலைப்பொழுதுகள் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அக்கதையைச் சொன்னார். கேட்ட ஆர்வத்தால் அந்நிலத்தைப் பற்றி நானும் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன்.

புரூக்ஸ் மலைத்தொடர் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, கிழக்கு மேற்காகக் கிடப்பது. அதன் நடுப்பகுதியில் 'ஆர்க்டிக்கின் வாயில்கள்' என்னும் தேசியப் பூங்காவும் அதனை ஒட்டிய காப்பகமும் உள்ளன. பூங்கா என்றதும் நம் நகரத்துப் பூங்காவை நினைத்தல் கூடாது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 34,000 சதுரக் கிலோமீட்டர். நம் கேரள மாநிலத்தைவிடச் சற்றே சிறியது. அத்துணைப் பெரும் பரப்பில் சாலை ஒன்றுமில்லை. நடப்போர்க்கென அமைத்த பாதையும் ஒன்றுமில்லை. பாலம் இல்லை, வழிகாட்டிப் பலகை இல்லை. பெட்டில்ஸ் போன்ற சிற்றூரிலிருந்து, நீரில் இறங்கவல்ல சிறு விமானம் பயணிகளை ஓர் ஏரியில் இறக்கிவிட்டுப் பறந்துவிடும். அதன் ஒலி மறைந்தபின் எழுந்த அமைதி தம்மை அச்சுறுத்தியது என்றார் மாணவர்.

அந்நிலத்துக்கு அப்பெயர் வந்த வரலாறு சுவையானது. ராபர்ட் மார்ஷல் என்னும் வனவியலாளர் 1929இல் கோயுகுக் ஆற்றின் வடகிளையைப் பற்றிச் சென்றபோது, ஆற்றின் இருகரையிலும் இரு மலைகள் நிலைக்கதவின் தூண்கள்போல் எதிரெதிரே நின்றதைக் கண்டு அப்பெயரை இட்டார். பின்னர் வைஸ்மன் என்னும் சிற்றூரில் ஓராண்டுக்கும் மேலாகத் தங்கி, அவ்வூர் மக்களைப் பற்றி எழுதிய நூலை 1933இல் வெளியிட்டார். அந்நூலின் வருவாயில் ஒரு பங்கை அவ்வூராருக்கே பகிர்ந்தளித்தார் என்று படித்தபோது, எழுதுகோல் பிடித்த நம்மில் எத்தனை பேர் இதனைச் செய்தோம் என்று எண்ணிக்கொண்டேன். 1939இல், முப்பத்தெட்டு வயதிலேயே அவர் மறைந்தார். அவர் நடந்த நிலம் தேசியப் பூங்காவானது 1980இல்தான்.

பாதையில்லா நாட்டில் வழிகாட்டிக்கு என்ன வேலை? இவ்வினாவை நான் கேட்டபோது மாணவர் சிரித்தார். "ஐயா, பாதை இருந்தால் அவர் எதற்கு?" என்றார். அவர்களை நடத்திச் சென்றவர் ஐம்பது வயதை நெருங்கிய ஒரு பெண்மணி. அவர் ஆற்றைப் பார்த்தே வழி சொல்வாராம். மலைச்சரிவில் ஏறினால் புதர். பள்ளத்தில் இறங்கினால் சதுப்பு. அச்சதுப்பில் ஒருவகைக் கோரை குடம் குடமாய்த் திரண்டு நிற்கும். மேலே மிதித்தால் சாயும், இடையே மிதித்தால் நீரில் அழுந்தும். ஒரு நாள் முழுதும் நடந்தும் எட்டுக் கிலோமீட்டர் கடக்கவில்லை என்றார். ஆகவே ஆற்றோரக் கூழாங்கல் திட்டுகளே அங்கு நெடுஞ்சாலை. அவை இல்லாதவிடத்துக் கரிபூ என்னும் பனிமான்கள் நடந்து நடந்து தேய்த்த ஒற்றையடித் தடமே துணை.

அவ்வாறே வழியென்றால், அதுவே இடரும் ஆகும். அந்நிலத்தில் மேல்மண்ணுக்குக் கீழே ஆண்டு முழுதும் உறைந்து கிடக்கும் மண் உண்டு. மழை பெய்தால் நீர் உள்ளிறங்க இடமின்றி நேரே ஆற்றில் சேரும். காலையில் முழங்காலளவு இருந்த நீர் மாலையில் இடுப்பைத் தொடும். ஆறு பல கிளைகளாய்ப் பிரிந்து அகன்று ஓடும் இடமே கடத்தற்குரியது. ஒரே வாய்க்காலாய்க் குறுகும் இடம் ஆழமுடையது. முதுகுப்பையின் இடைவாரை முன்னரே அவிழ்த்துவிட வேண்டும். வீழ்ந்தால் பையை உதறி எழ வேண்டுமல்லவா? கைகோத்து, நீர்வரும் திசை நோக்கி, அடிமேல் அடிவைத்துக் கடந்தனராம். இவற்றைக் கேட்டபோது மலைபடுகடாத்துக் கூத்தன் என் திண்ணையில் வந்து அமர்ந்திருப்பதாகவே உணர்ந்தேன். பழுப்புக்கரடி மோப்பம் பிடித்து வாராதிருக்க, உணவைக் கடினமான கலங்களில் அடைத்துக் கூடாரத்துக்குத் தொலைவில் வைப்பதும், புதருக்குள் நுழையுமுன் உரத்துப் பேசுவதும் தனிக்கதை. கொசுக்களைப் பற்றி அவர் சொன்னதை எழுதினால் நம்மவர் நம்பார், எழுதாது விடுகிறேன். கதிரவன் மறையாத நாள்கள் அவை. கைக்கடிகாரத்தைக் கொண்டு வேளையைக் கணக்கிட்டே தொழுதேன் என்றார்.

என்னை வியக்கவைத்தது வேறொன்று. மென்பாசி படர்ந்த திறந்தவெளியில் ஒருவர் பின் ஒருவராய் நடக்க அவ்வழிகாட்டி விடவில்லை. பரந்து நடக்கச் சொன்னார். ஒருவர் அடிச்சுவட்டில் மற்றவர் அடி விழலாகாது. அங்கே வளரும் பாசி ஒருமுறை நசுங்கினால் மீண்டெழப் பல்லாண்டு ஆகும். ஏழு பேர் ஒரே கோட்டில் நடந்தால் அடுத்து வருவோர் அக்கோட்டையே பற்றுவர். சில கோடைகளில் பாதை ஒன்று பிறந்துவிடும். முன்னோர் சென்ற நெறியில் செல்க என்று கற்பித்தும் கற்றும் வந்த எனக்கு, சுவடு வைக்காது நடத்திச் செல்வதே வழிகாட்டியின் திறம் என்பது புதிது. அதனை ஏற்க எனக்குச் சில நாள் ஆயிற்று.

ஆயினும் அது ஆளற்ற காடு என்று கொள்வது பிழை. நுனமியூட் எனப்படும் இனூப்பியாக் மக்கள் அங்குத் தலைமுறை தலைமுறையாகக் கரிபூவின் பின்னே அலைந்து வாழ்ந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் அனக்டூவுக் கணவாயில் நிலையான ஊர் அமைத்தனர். அவ்வூர் இன்று பூங்கா எல்லைக்குள்ளேயே உள்ளது. அவர்கள் வேட்டையாடி உண்ணும் உரிமையைச் சட்டம் காத்துள்ளது. மான்கூட்டத்தை மருட்டித் திருப்புவதற்காக அவர்தம் முன்னோர் மனித உருப்போல் அடுக்கிய கற்குவியல்கள் இன்னும் ஆங்காங்கே உள. மார்ஷல் பெயரிட்ட குன்றுகளும் ஓடைகளும் நூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பலவற்றுக்கு அம்மக்கள் முன்னரே பெயர் வைத்திருப்பர் அன்றோ? பெரியவரிடத்தும் இவ்வினாவைக் கேட்கத்தான் வேண்டும்.

இப்போது அந்நிலம் தானே மாறிவருகிறது. உறைமண் இளகி இரும்பு முதலிய உலோகங்களை வெளியிடுவதால், தெளிந்து ஓடிய ஓடைகள் செம்மஞ்சள் நிறங்கொண்டுள்ளன. புரூக்ஸ் மலைத்தொடரில் அத்தகைய 75 ஓடைகளை ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கட்டுரையில் குறித்துள்ளனர். மேற்கு ஆர்க்டிக் கரிபூக் கூட்டம் 2003இல் 4,90,000 இருந்தது. 2023இல் 1,52,000 ஆகக் குறைந்தது.

இவற்றோடு சாலையும் வரவிருக்கிறது. ஆம்ப்ளர் பகுதியின் செம்புச் சுரங்கங்களுக்காகத் திட்டமிட்ட 211 மைல் சாலையில் 26 மைல் அக்காப்பகத்தின் ஊடே செல்லும். பூங்காவை அமைத்த 1980ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு வாயில் திறந்து வைத்திருந்தது. 2020இல் இசைவு; 2024இல் மறுப்பு; 2025 அக்டோபரில் அமெரிக்க அதிபரின் ஆணையால் மீண்டும் இசைவு. அப்பகுதி ஊர்களுள்ளும் ஒருமித்த கருத்தில்லை. விமானத்தில் வரும் எண்ணெய்க்கும் அரிசிக்கும் கொடுக்கும் விலையைச் சொல்லிச் சாலை வேண்டும் என்போர் உளர். கரிபூ சாலையைக் கடக்கத் தயங்கும், பிள்ளைகள் பட்டினி கிடப்பர் என்போரும் உளர். சாலை வேண்டாமென்று தொலைவிலிருந்து சொல்வது எளிது. நம் ஊருக்குப் பேருந்து வந்த நாளில் நாம் மாலையிட்டு வரவேற்றோம்.

ஆயினும் என் மாணவரிடம் கேட்டேன், அச்சாலை அமைந்தபின் அங்குச் செல்வாயா என்று. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தம் குழு ஏறவேண்டிய விமானம் மேகத்தால் இரண்டு நாள் தாமதமானதையும், எஞ்சிய அரிசியை வழிகாட்டி ஏழு பங்காகப் பிரித்து அளந்ததையும் சொல்லத் தொடங்கினார்.