கல்லும் கொழுப்பும்

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: ஃபேட்டி லிவர், கிரேடு 1. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பீங்களா?" இல்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

"ஒரு ஃபைப்ரோஸ்கேன் எடுத்துடலாம். ஊசி, கத்தி எதுவும் கிடையாது."

ஊசி கிடையாது என்பதை அவர் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஈரல் எவ்வளவு தழும்பேறி இருக்கிறது என்று பார்க்க, விலாவுக்கு நடுவே ஊசி செருகித் துணுக்கு எடுக்கும் பயாப்ஸியைத்தான் ஒரு காலத்தில் நம்ப வேண்டியிருந்தது. இப்போது பலருக்கு அது தேவைப்படுவதில்லை.

மூன்று மணி நேரம் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். எழுதியிருந்ததைப் படிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. "சார், ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். "ஒரு வடை, ஒரு டீ" என்றேன். கடிகாரத்தைக் காட்டி வெளியே உட்கார வைத்துவிட்டாள். சாப்பிட்டதும் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடும்; நல்ல ஈரலும் விறைப்பாக இருப்பதுபோல் கணக்குக் காட்டுமாம். ஒரு வடைக்கு மூன்று மணி நேரம்!

உள்ளே போனபின் நடந்தது பத்து நிமிட வேலை. மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் விலா எலும்புகளுக்கு நடுவே இடம் விரியும். சில்லென்று ஜெல் தடவினாள். பேனாவைவிடத் தடித்த ஒரு கருவியை விலா இடுக்கில் வைத்து அழுத்தினாள். டொக். யாரோ விரலால் சுண்டினாற்போல் இருந்தது, வலி இல்லை. மறுபடி டொக். பத்துத் தடவையாவது சரியாக விழ வேண்டும். அவற்றின் நடு மதிப்பைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

தேங்காய்க் கடைக்காரர் சுண்டிப் பார்ப்பாரே, அதே வித்தைதான். அவர் காதால் கேட்கிறார். இந்த மெஷின், சுண்டியதால் ஈரலுக்குள் ஓடும் அதிர்வை அல்ட்ராசவுண்ட் வைத்துத் துரத்திப் பிடித்து வேகத்தை அளக்கிறது. ஈரல் இறுக இறுக அதிர்வு வேகமாக ஓடும். கல்லீரல் என்று பெயர் வைத்தவர் எதை நினைத்து வைத்தாரோ, அதில் எவ்வளவு கல் என்று அளக்க பிரான்சிலிருந்து ஒரு மெஷின் வந்துவிட்டது.

சீட்டில் இரண்டு எண்கள். 6.2 கிலோபாஸ்கல், அது இறுக்கம். என்னைப்போல் கொழுப்பு ஈரல்காரர்களுக்கு 8-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு என்றார் டாக்டர். இன்னொன்று 291, அது கொழுப்பு. இந்தக் கணக்கு 100-இல் தொடங்கி 400-இல் முடிகிறது. என்னுடையது எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல டாக்டர் தேவைப்படவில்லை. இறுக்க எண் கூடியிருந்தாலும் உடனே பயந்துவிடக்கூடாதாம். மஞ்சள் காமாலையில் ஈரல் வீங்கியிருந்தாலும், இதயம் பலவீனமாக இருந்தாலும் அது ஏறுமாம். ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள், "கல்லு ஒண்ணும் இல்லையே?"

"இல்லை. கொழுப்புதான் கொஞ்சம் ஜாஸ்தியாம்."

"அதைச் சொல்றதுக்கு ஒரு மெஷினா?" என்றாள்.