பார்வைப் புறா

விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அரசூர் வந்ததும் ஒரு கிளைச்சாலை பிரிகிறது. அதில் சிறிது தூரம் சென்றால் திருவெண்ணெய்நல்லூர். ரயிலில் வருகிறவர்களுக்குத் 'திருவெண்ணெய்நல்லூர் ரோடு' என்று ஒரு ஸ்டேஷனும் உண்டு. ஆனால் அந்த 'ரோடு' என்னும் வால் வெறும் அலங்காரம் என்று எண்ணி இறங்கிவிடக் கூடாது. ஸ்டேஷன் ஓரிடம், ஊர் ஓரிடம். அதை அறிந்தே நாங்கள் பஸ் பிரயாணத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

தை பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. பெண்ணையாற்றுக்குத் தென்பால் உள்ள அவ்வூரைச் சுற்றி அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுத்த தாள்களுக்கிடையே மாடப்புறாக்கள் கூட்டங்கூட்டமாக இறங்கிச் சிந்திய மணிகளைப் பொறுக்கின.

"என்ன அழகு பார்த்தீர்களா, ஸார்!" என்றார் என்னோடு வந்த நண்பர். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சைவ சித்தாந்தத்தில் நல்ல பயிற்சி உள்ளவர்.

நான் பதில் சொல்லவில்லை. புறாக் கூட்டத்தைக் கண்டால் அழகு தோன்றுவதற்கு முன்பே எனக்குப் பழைய குற்றம் ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிடும்.

என் தாய்மாமன் ஊர் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. மாமாவிடம் மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அறுவடை முடிந்த வயலில் அவர் புறா சுடப் புறப்பட்டால் நான்தான் கையாள். புறாவைத் தேடி அலைவது மாமாவுக்கு வழக்கமில்லை, தம்மிடம் வரவழைப்பார். முதலில் சுட்ட நாலைந்து புறாக்களை வயலில் உட்கார்ந்து மேய்வதுபோல் வைக்கவேண்டும். தலை தொய்ந்தால் கூட்டத்துக்குச் சந்தேகம் வரும்; ஆகையால் தாடையின்கீழ் சிறு கவட்டைக் குச்சியை நட்டு நிறுத்துவோம். பறவை காற்றை எதிர்த்தே இறங்கும். இறகு கலையாமல் காற்றுக்கு முகங்காட்டியே அமரும். எனவே எல்லாத் தலைகளும் காற்று வரும் திக்கை நோக்கவேண்டும். ஒன்றுக்கொன்று இரண்டு முழ இடைவெளி வேண்டும். நடுவில் சற்று இடம் காலியாக விடவேண்டும். வருகிற புறா அந்தக் காலியிடத்தில்தான் இறங்கும். வரப்போரத்தில் பனையோலை மறைப்புக்குப் பின்னே மாமா குந்தியிருப்பார். புறாவுக்குக் கண் கூர்மை. மூக்கைச் சொறிந்தால்கூடக் கூட்டம் திரும்பிவிடும்.

ஒரு நாள் வானத்தில் கூட்டம் வட்டமிட்டதே தவிர இறங்கவில்லை. மாமா என்னைப் பார்த்து, "மாப்பிள்ளே, உன் புறாவைக் கொண்டு வா. சாயங்காலம் திருப்பித் தந்துவிடுகிறேன்" என்றார்.

கோபுரத்திலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து நான் வளர்த்த புறா அது. கையை நீட்டிக் கூப்பிட்டால் கூரையிலிருந்து இறங்கி வந்து மணிக்கட்டில் அமரும். அன்றும் அப்படியே வந்தது. மாமா அதன் காலில் நூலைக் கட்டி, நூலை ஒரு முளையில் கட்டினார். அது தானியத்தைக் கொத்திக்கொண்டு அங்குமிங்கும் நடந்தது. உயிருள்ள ஒரு புறா நிம்மதியாக மேய்வதைக் கண்டதும் வானத்தில் இருந்தவை நம்பிவிட்டன. வெடித்த சத்தம் அடங்கி, புகை கலைந்தபோது ஏழெட்டுப் புறாக்கள் கிடந்தன. நடுவில் என் புறா இருந்தது. அதற்கு ஒரு காயமும் இல்லை. சிறிது நேரம் வெருண்டு நின்றது; பிறகு மறுபடியும் தானியம் கொத்தத் தொடங்கிவிட்டது.

அன்றிரவு நூலை அவிழ்த்து அதை விரட்டினேன். விடியற்காலையில் கூரைமேல் வந்து உட்கார்ந்திருந்தது.

இதையெல்லாம் நண்பரிடம் சொல்லிக்கொண்டே கோயில் வாசலை அடைந்தேன். அருட்டுறை என்பது இக்கோயிலின் பழம்பெயர். சுவாமி கிருபாபுரீசுவரர், தடுத்தாட்கொண்ட நாதர் என்றும் சொல்வார்கள். புத்தூரில் சுந்தரருக்கு மணம் நிகழவிருந்த வேளையில் ஒரு கிழ அந்தணர் தடியூன்றி வந்து, 'நீ எனக்கு அடிமை. உன் பாட்டன் எழுதித் தந்த ஓலை இருக்கிறது' என்று வழக்காடினார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்தார். மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்றார் கிழவர். வழக்கு இவ்வூர்ச் சபைக்கு வந்தது, கிழவரே வென்றார். 'உம் வீடு எங்கே?' என்று கேட்டவர்களை அழைத்துக்கொண்டு வந்து, இந்தக் கோயிலுக்குள் புகுந்து மறைந்தார். வழக்கு வென்ற அம்பலம் என்று ஒரு மண்டபத்தைக் காட்டுகிறார்கள். கிழவர் விட்டுச் சென்றவை என்று பாதக்குறடுகளையும் வைத்திருக்கிறார்கள்.

"நீங்கள் வயலில் செய்ததற்கு நம் பழந்தமிழில் பெயர் உண்டு" என்றார் நண்பர். "பார்வை. மிருகத்தைப் பிடிக்க அதன் இனத்திலேயே ஒன்றைப் பழக்கிக் காட்டுவது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசை முற்றத்தில் ஒரு விளாமரம் வருகிறது; பார்வை மானைக் கட்டிக் கட்டி அதன் அடிமரம் தேய்ந்திருக்கிறது."

பிறகு அவர் எடுத்த விஷயம் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்து, பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞான போதத்தை அருளியவர் மெய்கண்டார். அவருடைய மரபில் நான்காமவர் உமாபதி சிவம். அவர் தம் திருவருட்பயனில் குருவுக்குச் சொல்லும் உவமை இந்தப் பார்வைதானாம்! மானைப் பிடிக்க மானைக் காட்டுவதுபோல, மனிதரைப் பிடிக்க இறைவன் மனித வடிவத்தைப் போர்த்துக்கொண்டு வருகிறான். அது போர்வை என்பதை உலகம் அறிவதில்லை.

"சுந்தரரிடம் கிழவராக வந்ததும் அதுதானே?" என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அமெரிக்காவில் கோடிக்கணக்கில் வானத்தை மறைத்துப் பறந்த வழிப்போக்குப் புறா என்னும் இனத்தின் கதையை அவருக்குச் சொன்னேன். ஒரு புறாவின் இமைகளைத் தைத்து, ஏறி இறங்கும் ஒரு தாங்கியில் கட்டிச் சிறகடிக்கச் செய்வார்கள். அதைக் கண்டு இறங்கும் கூட்டத்தின்மேல் வலை விழும். வலையும் துப்பாக்கியும், காடுகளின் அழிவும் சேர்ந்து அந்த இனத்தையே முடித்துவிட்டன. கடைசிப் புறா 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சிச் சாலையில் இறந்தது. காட்டிக்கொடுப்பவனை ஆங்கிலத்தில் இன்றும் 'ஸ்டூல் பிஜன்' என்றுதான் ஏசுகிறார்கள். நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிமச் சீட்டுகளை நீக்கியது. "இப்படிப்பட்ட காரியத்தையா குருவுக்கு உவமை சொல்வது?" என்றேன்.

நண்பர் மண்டபத் தூணில் சாய்ந்துகொண்டார். "புறா செய்ததை நினைத்தா நீங்கள் வருந்துகிறீர்கள்? அதைக் கூப்பிட்டு வரவழைத்தது யார்?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. என் புறாவுக்குப் பார்வையாக நின்றவன் நான். அதையும்விட அண்மையில் நடந்த ஒன்று உண்டு. அதுவரை யாரிடமும் நான் சொல்லாதது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் ஆட்கள் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். புறப்படும்போது எனக்கு ஒரு கைக்கடிகாரம் தந்தார்கள். அங்கே என்ன கற்பிக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. 'நல்ல கல்லூரி' என்று வகுப்பில் சொன்னேன். என் சொல்லை நம்பி, கடன் வாங்கிச் சேர்ந்தான் ஒரு பையன். இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை விட்டுவிட்டான். கடன் மட்டும் நின்றது. எனக்கு ஒரு காயமும் இல்லை.

நண்பர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்: "வாத்தியார் வேலையே பார்வை வேலைதான், ஸார். பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் இறங்குகிறார்கள். காலில் கட்டிய நூல் யார் கையில் இருக்கிறது என்று புறாவால் கேட்க முடியாது. நாம் கேட்டிருக்கலாம்." சற்று நிறுத்தி, "நற்றிணையில் ஒரு வேடன் வருகிறான். வாடைக்காலத்து மழையில் அவனுடைய பார்வைக் குருகு சிறகொடுக்கி நடுங்குகிறது. அவன் இரங்கி முளையைப் பிடுங்கிவிடுகிறான். வேடனுக்கும் அந்த வேளை வருகிறது" என்றார்.

மெய்கண்டார் சமாதிக் கோயிலையும் தரிசித்துவிட்டுப் பொழுது சாயும் வேளையில் பஸ் ஏறினோம். விழுப்புரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் அந்தப் பையன் கணக்கு எழுதுகிறான் என்று எனக்குத் தெரியும். அவன் அங்கே சேர்ந்த நாளிலிருந்து அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போவேன். அன்று நண்பரை அனுப்பிவிட்டு நேராக அந்தத் தெருவில் நடந்தேன். என்ன சொல்வது, கடனில் எந்தப் பங்கை ஏற்பது என்று வழியெல்லாம் கூட்டிக் கழித்துக்கொண்டே போனேன்.

கடை வாசலில் என்னைக் கண்டதும் அவன் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தான்.

"வாங்க, ஸார்!" என்று முகம் மலரத் தன் நாற்காலியை எனக்கு நகர்த்தினான்.