அந்த வெள்ளிக் காசைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்



வாத்தியார் பழைய சீன வெள்ளிக் காசு சேர்ப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று எழுதுவது பெருமைக்கு அல்ல.

2008-இல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு வியாபாரியிடம் யுவான் ஷிகாய் காசுகள் நான்கு வாங்கினேன். ஒன்று 60 வெள்ளி. (நாம் ரிங்கிட்டை வெள்ளி என்றுதானே சொல்கிறோம். வெள்ளியைக் கொடுத்துப் பித்தளை வாங்கியவன் நான்!) 1914-இல் அடிக்கத் தொடங்கிய காசு அது. ஒரு பக்கம் அதிபர் யுவானின் முகம், மறுபக்கம் கதிர்க்கொத்து. சீனர்கள் 'யுவான் பெரிய தலை' என்பார்கள். ஆண்டைக் குடியரசுக் கணக்கில் பொறித்திருப்பார்கள். 3 என்றால் 1911-ஐக் கூட்டி 1914 என்று கொள்ள வேண்டும்.

காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. எடையும் சரியாக இருந்தது. அத்தோடு விட்டுவிட்டேன். பித்தளையும் செம்பும்கூடக் காந்தத்தில் ஒட்டாது என்று உங்களுக்கு அறிவியல் பாடத்தில் சொல்லிக்கொடுத்தது யார்?

ஒன்றை அந்த ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வில் 7 ஏ வாங்கிய பிள்ளைக்குச் சபைகூடலில் பரிசாகக் கொடுத்தேன். "இது அசல் வெள்ளி, உன் உழைப்பும் அசல்" என்று ஒலிபெருக்கியில் வேறு சொன்னேன். இன்னொன்று அண்ணன் மகள் திருமணத்துக்குப் போனது. மற்ற இரண்டும் தனித்தனி உறையில் இழுப்பறையிலேயே கிடந்தன.

போன மாதம்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இரண்டிலும் காதுக்குக் கீழே ஒரே கீறல். அதே நீளம், அதே சாய்வு. ஆயிரம் கை மாறிய காசு ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் அடிபடும். ஒரே காயம் இரண்டு காசில் எப்படி வரும்? கீறல் விழுந்த ஓர் அசல் காசிலிருந்து அச்சு எடுத்து அடித்திருக்கிறார்கள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் எடைக்கருவியில் தண்ணீர்க் கோப்பையை வைத்து, அளவைப் பூச்சியமாக்கி, காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீருக்குள் தொங்கவிட்டேன். அசல் காசு 26.8 கிராம் அளவில் இருக்கும், அதில் வெள்ளி ஏறக்குறைய 90 விழுக்காடு. அப்படியென்றால் கருவி 2.6 காட்ட வேண்டும். எனக்கு 3.1 காட்டியது. தடிமனைக் கொஞ்சம் கூட்டி எடையைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் காசின் நடுவை இரு விரல் நகத்தால் பிடித்து, விளிம்பில் ஊதிக் காதருகே கொண்டுபோனார். அசலில் மெல்லிய ரீங்காரம் நீண்டு கேட்கும். என் காசு வாயே திறக்கவில்லை. பெரியவர் சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார், அதுவே எனக்குப் போதும்.

அண்ணன் மகளிடம் சொல்லிவிட்டேன். "பரவாயில்லை சித்தப்பா" என்றாள். அந்த மாணவனின் தொலைபேசி எண் மட்டும் என்னிடம் இல்லை.

தம்பி, இதைப் படித்தால் காசை எடுத்துக் காதுக்குக் கீழே பார். கீறல் இருந்தால் எனக்குச் செய்தி அனுப்பு. நீரிலும் காதிலும் தேறிய அசல் காசு ஒன்றை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். உன் அம்மா அதைச் சாமி மேடையில் வைத்திருப்பதாக யாரோ சொன்னார்கள். அவரிடம் நானே வந்து சொல்லிக்கொள்கிறேன்.