சுருக்கித் தளம்

ஸ்ரீரங்கத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசி ஒரு தேர்வு மாதம். திருச்சிப் பகுதியின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் உத்தர வீதியிலுள்ள எங்கள் வீட்டில், அம்மா படுக்கும் அறையின் மேல் உத்தரத்தில் ஈரம் கண்டது. 'இடித்துவிட்டு அடுக்ககத்துக்குக் கொடுத்துவிடலாம்' என்றான் தம்பி. அவன் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எண்பத்தைந்து வயதில் அம்மா எங்கே போவாள்?

பொறியாளர்கள் 'மெட்ராஸ் டெரஸ்' என்று குறிப்பிடும் தளம் எங்களுடையது. தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களை மூலைவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி. அதற்கும் மேலே தட்டோடு. இவ்வளவுக்கும் மேல் எப்போதோ யாரோ சிமெண்டு பூசியிருந்தார்கள். வெயிலில் அது வெடித்து, வெடிப்பில் இறங்கிய நீர் மீண்டும் மேலேறி ஆவியாக வழியின்றி மரத்தில் தங்கிவிட்டது.

கடைகளில் ரப்பர் பூச்சைப் பரிந்துரைத்தார்கள். ஈரத்தை உள்ளேயே வைத்து மூட எனக்கு மனம் வரவில்லை. மாடியைப் பார்த்த முதிய கொத்தனார் ஒருவர், "தண்ணிய அடச்சு வைக்க முடியாது சாமி, அது போக வழி பண்ணணும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் முழுச் சாஸ்திரமும் அடங்கியிருந்தது.

ஓய்வு பெற்றவனுக்கு நேரம் ஒன்றுதான் சொத்து. மாசியில் தொடங்கி, பழுதான பகுதியை நானே சிற்றுளியால் கொத்தி எடுத்தேன். கலவைக்கு, நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கல் ஜல்லி இரண்டரைப் பங்கு. கடுக்காயை நசுக்கிச் சில நாள் ஊறவைத்த நீரையும் வெல்லக் கரைசலையும் தெளித்துத் தெளித்து, மரப்பலகையால் நாள்கணக்கில் தட்டினேன். ஜல்லி அடங்கிச் சுண்ணாம்புப் பால் மேலே கசியும் வரை தட்ட வேண்டும் என்பது கொத்தனார் வாக்கு. தூம்பை நோக்கி வாட்டம் சரியா என்று ஒரு வாளி நீரைக் கொட்டிப் பார்த்தோம். நனைத்த சாக்குகளை விரித்துத் தளத்தை ஆறவிட்ட பிறகே தட்டோடு பதித்தோம்.

வியப்பு என்னவென்றால், இரண்டு பொருளுக்கும் தாய் சுண்ணாம்புக்கல்தான். இதே மாவட்டத்து டால்மியாபுரத்தில் 1939 முதல் அது சிமெண்டாகிறது. களிமண் சேர்த்து 1450 டிகிரிக்குச் சுட்டால் சிமெண்டு. அதைவிடக் குறைந்த சூட்டில், 900 டிகிரி அளவில், தனியே சுட்டால் சுண்ணாம்பு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கி மறுபடி கல்லாகிறது. வெயிலுக்குச் சற்று நெகிழ்ந்து கொடுக்கிறது. மயிரிழை வெடிப்புகளை மழைநீரில் கரைந்து தானே அடைக்கிறது. ஈரத்தையும் வெளியே விடுகிறது. மரபு முறைகளைக் கையாண்ட திருப்பணிக்காக அரங்கன் கோயிலுக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தபோது பெருமைப்பட்ட ஊர், தன் மாடிகளை மட்டும் சிமெண்டுக்குக் கொடுத்துவிட்டது.

எல்லாம் தப்பிவிடவில்லை. ஓர் உத்தரத்தின் முனை உளுத்திருந்ததால் தச்சரை அழைத்து ஒட்டுப் போட நேர்ந்தது. செலவுக் கணக்கைப் பார்த்துத் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அவன் கேள்வி ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். விடுமுறைக்கு வந்த அவன் மகன் மட்டும் இரண்டு நாள் என்னோடு பலகை பிடித்தான். கலவைக் கணக்கை அவனுடைய நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.