ஆடி மாசம் வேன் பயணம்: குப்பை போடாமல் போய் வருவது எப்படி?

 பின்னால் நிற்பவர்களுக்கும் தெரியும்படி கொஞ்சம் தள்ளி நின்று படியுங்கள்.

வெளிநாட்டில் கேரவன் என்று ஒரு வண்டி இருக்கிறது. அதிலேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். குடும்பமாக ஏறிப் போய், போகிற இடத்தில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். நம் பக்கத்து மாநிலமான கேரளாவில்கூட 2021-ஆம் ஆண்டு கேரவன் சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கினார்கள். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இதைத்தான் நாம் ரொம்ப நாளாகச் செய்துகொண்டிருக்கிறோம்! ஆடி மாசம் வந்தால் தாம்பரத்தில் பாருங்கள். முன்னால் வேப்பிலை கட்டிய வேன், மேலே கேரியரில் அண்டா, பாய், விறகு. உள்ளே தாத்தா ஆயாவிலிருந்து கைக்குழந்தை வரை. குலதெய்வம் கோயிலுக்குப் போகும் வேன்தான் நம்ம ஊர் கேரவன். ஆயா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போவார்களாம். இப்போது வேன்.

எங்கள் குடும்பம் போவது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு. படவேடு ஒரு காலத்தில் சம்புவராய மன்னர்களின் தலைநகரமாக இருந்த ஊர். ஜவ்வாது மலை அடிவாரம். கமண்டல நாக நதி ஓடுகிறது. பொங்கல் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அடுத்த நாள் திருவண்ணாமலை, அதற்கடுத்த நாள் 1958-இல் கட்டி முடித்த சாத்தனூர் அணை, அப்படியே செஞ்சி, திண்டிவனம் வழியாக வீடு. மொத்தம் 3 நாள், 15 பேர்.

ஒரு சின்னக் கணக்கு

கணக்கு டீச்சர் சரிபார்த்துக்கொள்ளலாம். 15 பேர், 3 நாள், ஒரு நாளைக்கு 3 வேளை சாப்பாடு. யூஸ் அண்ட் த்ரோ தட்டு என்றால் 135 தட்டு. காலையும் மாலையும் டீ, அதற்கு 90 கப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 தண்ணீர் பாட்டில் என்றால் 90 பாட்டில். கூட்டினால் 315. இது ஒரே ஒரு வேன் போடுகிற குப்பை. ஆடி வெள்ளிக்கிழமையில் அங்கே எத்தனை வேன் நிற்கும்? நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பை, தட்டு, டீ கப், ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட் எல்லாம் அதில் அடக்கம். 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்று அரசே இயக்கம் தொடங்கியது. ஆனால் கடையில் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது. "பேப்பர் கப்புதானே, மக்கிப்போயிடும்" என்று சிலர் சொல்வார்கள். பேப்பர் கப்பின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. சுடச்சுட 100 மில்லி ஊற்றி 15 நிமிடம் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத சுமார் 25,000 பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன என்று காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதாவது பாதிக் குப்பை ரோட்டுக்கு, மீதி நம் வயிற்றுக்கு!

பெரியப்பா கேட்ட கேள்வி

இந்த வருஷம் கிளம்புவதற்கு முன்னாலேயே நான் வீட்டில் சொன்னேன், "தட்டு கப்பு எதுவும் வாங்க வேணாம், எவர்சில்வர் எடுத்துக்கலாம்" என்று. அதற்குப் பெரியப்பா, "நல்லா சொல்ற பாப்பா. அந்தத் தட்டையெல்லாம் யாரு கழுவறது? உங்கம்மாதானே? வருஷம் பூரா உழைக்கிறா. போற எடத்துலயும் அவ பாத்திரம் தேச்சிக்கினே இருக்கணுமா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் கேட்டது உண்மைதான். என் அம்மா மெப்ஸில் தையல் வேலைக்குப் போகிறார். காலையில் சமைத்துவிட்டு ஓடினால் இருட்டிய பிறகுதான் வருவார். வந்தவுடன் மறுபடி சமையல், பாத்திரம். வருஷத்தில் இந்த 3 நாள்தான் அவருக்கு ஊர் பார்க்கிற நாள். சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அம்மாவின் 3 நாளை நான் பிடுங்கிக்கொள்ளலாமா? பத்திரிகையில், டிவியில் பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று சொல்கிறவர்கள், அப்புறம் யார் கழுவுவது என்று சொல்வதே இல்லை. தோழிகளே, உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு சட்டம் சொன்னேன். அவரவர் தட்டு, அவரவர் டம்ளர், அவரவரே கழுவ வேண்டும். ஆம்பளை பொம்பளை வித்தியாசம் கிடையாது. அம்மாவும் அத்தையும் சமைத்த பாத்திரத்தைக்கூடத் தொடக் கூடாது. அதை நானும் மாமா பையன்களும் பார்த்துக்கொள்வோம். நம்ம வீட்டு எவர்சில்வர் தட்டில்தான் பேர் வெட்டியிருக்குமே, அதனால் யார் தட்டு என்று குழப்பமும் இல்லை.

முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு தட்டு மட்டும் வேப்ப மரத்தடியில் அப்படியே கிடந்தது. ஆயா எடுத்துப் பார்த்துவிட்டு, "பேரு வெட்டியிருக்குதுடா பெரியவனே!" என்று சத்தமாகக் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம். பெரியப்பாவும் சிரித்துக்கொண்டே வந்து கழுவினார். அதற்கப்புறம் அவர் தட்டு கிடக்கவே இல்லை. அம்மா அன்றைக்குச் சாப்பிட்டதும் கோயில் மண்டபத்தில் அத்தையோடு படுத்துத் தூங்கினார். மத்தியானத்தில் அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை.

நாங்கள் செய்த மற்ற வழிகள்

1. இலை: ராத்திரி நேரத்துக்கு மட்டும் வாழை இலை வைத்துக்கொண்டோம். படவேடு பக்கத்தில் வாழைத் தோட்டம் இருப்பதால் அங்கேயே வாங்கினோம். வாழை இலை கிடைக்காத இடத்தில் தையல் இலையோ பாக்கு மட்டைத் தட்டோ போதும். சாப்பிட்ட இலையைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வீசக் கூடாது. மாடு வாசனைக்கு வந்து கவரோடு தின்றுவிடும். அந்தக் கவர் செரிக்காது, வயிற்றிலேயே சேர்ந்துகொண்டே இருக்கும், கடைசியில் மாடு செத்துப்போகும். இலையைத் தனியாகப் போட்டால் மாட்டுக்குத் தீனி.

2. தண்ணீர்: 20 லிட்டர் கேன் இரண்டு, பக்கத்தில் ஒரு தூக்குவாளி. காலியானால் போகிற ஊரில் நிரப்பிக்கொள்ளலாம். ஒரு பாட்டில்கூட வாங்கவில்லை.

3. பாத்திரம் கழுவுதல்: முதலில் எச்சிலை வழித்துப் போட்டுவிட வேண்டும். பிறகு 3 பக்கெட். ஒன்றில் சீயக்காய்த் தூள் கரைத்த தண்ணீர், மற்ற இரண்டில் நல்ல தண்ணீர். தேய்க்கத் தேங்காய் நார், அடுப்புச் சாம்பல். இப்படிச் செய்தால் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிட ரொம்பக் குறைவாகத் தண்ணீர் செலவாகும். கழுவிய தண்ணீரை ஆற்றில் ஊற்றாமல் தள்ளிப் போய் மரத்தடியில் ஊற்றினோம். வெளிநாட்டுக் கேரவன்களில் கழுவிய தண்ணீருக்கென்றே தனித் தொட்டி இருக்கிறதாம். அதற்கென்று உள்ள இடத்தில்தான் திறந்துவிட வேண்டும்.

4. சோப்பு: ஆற்றில் குளிக்கலாம், ஆனால் சோப்பு, ஷாம்பு பாக்கெட் வேண்டாம். துணி சோப்பில் இருக்கும் பாஸ்பேட் தண்ணீரில் கலந்தால் அது ஆகாயத்தாமரைக்கு உரம் போட்ட மாதிரி. அது ஏரியை மூடிவிட்டால் கீழே மீனுக்கு ஆக்சிஜன் குறையும். நம்ம பக்கத்து ஏரிகளைப் பார்த்தாலே தெரியும். குற்றாலம் அருவியில் சோப்பு, ஷாம்பு போடக் கூடாது என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதேபோல் பரிகாரம் என்று சொல்லிப் பழைய துணியை ஆற்றில் விடக் கூடாது. பாபநாசத்தில் தாமிரபரணியிலிருந்து அந்தத் துணிகளை டன் கணக்கில் அள்ளியிருக்கிறார்கள்.

5. அடுப்பு: மரத்தின் வேர் மேல் அடுப்பு மூட்டக் கூடாது. விறகை வீட்டிலிருந்தே கொண்டுபோனோம், பச்சை மரத்தை ஒடிக்கவில்லை. முடிந்ததும் தண்ணீர் ஊற்றி, கையை வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் கிளம்பினோம்.

6. வண்டி: 4 காரில் போவதைவிட ஒரே வேனில் போவது நல்லது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது. வண்டி நிற்கும்போது இன்ஜினை அணைத்துவிடச் சொன்னோம். டிரைவர் அண்ணனுக்கு டீசல் மிச்சமானதில் ரொம்ப சந்தோஷம்.

7. கோணி: இரண்டு கோணி கொண்டுபோனோம். ஒன்று மக்கும் குப்பைக்கு, அதை அங்கேயே குழி தோண்டிப் புதைத்தோம். இன்னொன்று பிஸ்கட் கவர், பால் கவர், சிப்ஸ் பாக்கெட்டுக்கு. அதைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்து, குப்பை வண்டி அக்காவிடம் தனியாகப் பிரித்துக் கொடுத்தோம்.

இந்த ஏழாவதுக்குத்தான் மாமா பையன்கள் கேலி செய்தார்கள். "குப்பையை வேன்ல வச்சி ஊர்கோலம் வர்றது நாமதான்" என்றார்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடந்தபோது, அன்னதானம் சாப்பிட்ட தட்டுகள் வழியெங்கும் கிடந்தன. வெறுங்காலோடு வந்த ஆயா ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். அதற்கப்புறம் பசங்க கேலி செய்யவில்லை. பெரியவன், தானே கோணியைத் தூக்கி வேனில் வைத்தான்.

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். நாம் வெளியூரில் போட்டுவிட்டு வருகிற குப்பையை அந்த ஊர்க்காரர்கள்தான் சுமக்க வேண்டும். அது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? சென்னையின் குப்பை எத்தனையோ வருஷமாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில்தானே மலை மலையாகக் கொட்டப்பட்டது? பூநாரை வருகிற இடம் அது. 2022-இல் உலக அளவில் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். நம் பக்கத்தில் மற்றவர்கள் கொட்டினால் நமக்குக் கோபம் வருகிறது. படவேட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தானே வரும்?

வேனில் ஏற்ற வேண்டிய பட்டியல் (தேவைப்படுவோர் எழுதிக்கொள்ளவும்): பேர் வெட்டிய தட்டு, டம்ளர் ஆளுக்கு ஒன்று; தண்ணீர் கேன் 2; தூக்குவாளி 1; பக்கெட் 3; சீயக்காய்த் தூள்; தேங்காய் நார்; மஞ்சப்பை 4; கோணி 2; மண்வெட்டி 1. இதில் எதையும் புதிதாக வாங்க வேண்டாம். எல்லாம் நம் வீட்டுப் பரண் மேலேயே இருக்கிறது.

மாணவர்களுக்கு, அதாவது பையன்களுக்கு, ஒரு வேண்டுகோள். பிளாஸ்டிக் ஒழிப்பு ஊர்வலத்தில் அட்டை பிடித்துக் கோஷம் போட்டால் மட்டும் போதாது. இன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவுங்கள். அங்கேதான் பிளாஸ்டிக் ஒழிப்பு ஆரம்பிக்கிறது.

சாமியைக் கும்பிடுவோம்! சாமி இருக்கும் மண்ணையும் காப்போம்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு