சவலைப் பிள்ளையும் ஜீரண ரசமும்

சாப்பாட்டுக்கு உட்காரப் போகும் நேயர்கள் இந்தக் கட்டுரையை இலை எடுத்த பிறகு படிப்பது நலம். ஏனெனில் நாம் இன்று பேசப் போவது மலத்தைப் பற்றி. கண்ணியமான பத்திரிகையில் இதற்கு இடமுண்டா என்று சிலர் கேட்கலாம். நம் வீட்டுப் பாட்டிமார்கள் அப்படிக் கேட்டதில்லை. தொட்டில் குழந்தையின் துணியை மாற்றும்போது அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். பச்சையாய்ப் போயிருக்கிறதா, தயிர்த் திப்பியாய்ப் போயிருக்கிறதா, சீதம் கலந்திருக்கிறதா என்று ஆராய்ந்து, 'மாந்தம்' என்றோ 'கணைச்சூடு' என்றோ தீர்ப்புச் சொல்வார்கள். தீர்ப்பு சில சமயம் தவறியிருக்கலாம். ஆனால் சாட்சியை விசாரிக்காமல் அவர்கள் தீர்ப்புச் சொன்னதில்லை. படித்தவர்களாகிய நாம்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாட்சியைச் சுருட்டித் தெருவில் எறிந்து விடுகிறோம்.

ஸிஸ்டிக் பைப்ரோஸிஸ் என்று ஒரு பிறவி வியாதி இருக்கிறது. ஐரோப்பிய வம்சத்தாரிடையே அதிகம் காணப்படுவது. நம் தேசத்தில் குறைவுதான். ஆனாலும் இங்கே அது கிடையவே கிடையாது என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்களே, அந்த எண்ணத்தினால் வந்த நஷ்டம் கொஞ்சமல்ல. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று பழுதுபட்ட ஜீன் இரண்டும் வந்து சேர்ந்தால் குழந்தைக்கு இது உண்டாகிறது. பெற்றோர் இருவரும் பூரண ஆரோக்கியத்துடனேயே இருப்பார்கள். சுவாசப்பையில் சளி பசைபோல் கெட்டிப்பட்டு நிற்பது இவ்வியாதியின் ஒரு முகம். வயிற்றில் உணவு ஜீரணமாகாமல் போவது மற்றொரு முகம். இவ்வியாதி உள்ளவர்களில் 100க்கு 85 முதல் 90 பேர் வரையில், ஒவ்வொரு வேளை உணவோடும் ஜீரண என்ஸைம்களைக் காப்ஸ்யூலாக விழுங்கியாக வேண்டும். எஞ்சியவர்களுக்கு அது வேண்டியதில்லை. யாருக்கு வேண்டும், எப்போது முதல் வேண்டும் என்பதை வியாதியின் பெயரை மட்டும் கேட்டுச் சொல்லிவிட முடியாது.

நமது பந்துக்கள் வீட்டில் ஒரு பையன். இரண்டு வயது நிரம்பியபோது அவன் எடை எட்டுக் கிலோதான். ஆனால் அவன் சாப்பாட்டைக் கண்டவர்கள் 'பகாசுரன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நெய் தாராளமாக விட்டுப் பிசைந்த பருப்பு சாதம் ஒரு கிண்ணம் உள்ளே போகும். அரை மணி கழித்து மறுபடியும் பசி என்று அழுவான். கைகால்கள் குச்சி, வயிறு மட்டும் பானை. ஊரார் அவனைச் சவலை என்றார்கள். ஒரு வைத்தியர் வயிற்றுப் பூச்சி என்று மருந்து கொடுத்தார். ஓயாத இருமலைக் கண்ட இன்னொருவர், பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று ஆறு மாதம் க்ஷயரோக மருந்து கொடுத்தார். ஜீரண டானிக்குகள் மட்டும் நான்கு தினுசு மாறின. அலமாரி நிறைந்தது, பையன் நிறையவில்லை.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சிறு வயது லேடி டாக்டர் ஒருவர், பெற்றோர் நீட்டிய காகிதக் கட்டை ஒரு புறம் வைத்துவிட்டு, மூலையில் நின்ற பாட்டியம்மாளைப் பார்த்து, "ஏன் பாட்டி, குழந்தைக்கு வெளிக்கு எப்படிப் போகிறது?" என்று கேட்டார்.

"அதை ஏன் அம்மா கேட்கிறாய்! ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. குவியல் குவியலாய்ப் போகிறான். வெளிறிய நிறம். தண்ணீர் கொட்டினால் போகிறதா? மிதக்கிறது. பட்சணம் சுட்ட வாணலியைக் கழுவினாற்போல் மேலே எண்ணெய் படிகிறது. நாற்றமோ, வாசலில் நிற்பவர்களுக்கும் தெரியும். இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. முத்தம் கொடுத்தால் குழந்தை உப்புக் கரிக்கிறான்."

டாக்டர் சிரிக்கவில்லை. வியர்வையைப் பரிசோதிக்க எழுதிக் கொடுத்தார். வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் இருந்தால் இந்த வியாதி என்பது கணக்கு. பையனுக்கு அதைவிட மிக அதிகமாகவே இருந்தது. முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை நீடித்திராது என்று ஐரோப்பாவின் கிராமங்களிலும் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. 1948-ல் நியூயார்க்கில் அடித்த கடும் வெயிலில் இவ்வியாதி உள்ள குழந்தைகள் பலர் சுருண்டு விழுந்தார்கள். அதிலிருந்து துப்புப் பிடித்துத்தான் டாக்டர் பால் டி சான்ட் ஆக்னீஸ் 1953-ல் வியர்வை உப்பின் ரகசியத்தை வெளியிட்டார். அங்கே டாக்டர்கள் கண்டதும் இங்கே பாட்டி கண்டதும் ஒரே உப்புத்தான்.

எண்ணெய் ஏன் மிதக்கிறது? பாரிஸ் நகரத்து கிளாட் பெர்னார்ட் 1840-க்கும் 1850-க்கும் இடையில் முயல்களை அறுத்துப் பார்த்தார். முயலுக்குப் பித்தநீர் வந்து விழும் இடம் ஒன்று. கணைய ரசம் வந்து விழும் இடம் அதற்கு வெகு தூரம் கீழே. கொழுப்பைத் தின்ற முயலின் குடலைச் சுற்றிய மெல்லிய நாளங்கள், கணைய ரசம் சேரும் இடத்துக்குக் கீழேதான் பால்போல் வெளுத்திருந்தன. ஆகவே கொழுப்பை ஜீரணிப்பதில் கணைய ரசமே முக்கியமென்று அவர் நிச்சயித்தார். மாவுப் பண்டத்தைக் கரைக்க உமிழ்நீரும் கொஞ்சம் கை கொடுக்கும். மாமிச சத்தையும் பருப்பு சத்தையும் கரைக்க இரைப்பையும் கொஞ்சம் உதவும். கொழுப்புக்கு அப்படிப்பட்ட துணை அதிகமில்லை. லைபேஸ் என்ற என்ஸைம் கணையத்திலிருந்து வராவிட்டால் நாம் ஊற்றிய நெய் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். அதோடு கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் போய்விடும்.

இவ்வியாதியில் கணைய ரசத்தில் நீரும் காரமும் குறைந்து ரசம் குழம்பாகிக் குழாய்களை அடைத்துக் கொள்கிறது. பலருக்குத் தாயின் கர்ப்பத்திலேயே இது ஆரம்பமாகிவிடும். வெளியே போக வழியில்லாத ரசம், தான் பிறந்த வீட்டையே தின்கிறது. கணையம் வடுவாகவும் கொழுப்பாகவும் மாறிப் போகிறது. நியூயார்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாரதி ஆண்டர்ஸன் என்ற மாதரசி, ஸீலியாக் என்ற வேறொரு குடல் வியாதியால் மாண்டதாகக் கருதப்பட்ட குழந்தை ஒன்றின் உடலைச் சோதித்தபோது இந்த வடுக்களைக் கண்டார். பிறகு பழைய தஸ்தாவேஜுகளையெல்லாம் புரட்டி 49 குழந்தைகளின் வரலாற்றைச் சேர்த்து 1938-ல் வியாதிக்குப் பெயரும் சூட்டினார். சவலை என்று நாம் சொல்லிவிட்டுப் போகும் இடத்தில் அந்த அம்மையார் நின்று பார்த்தார்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கணையம் மிகவும் தாராள குணம் படைத்த உறுப்பு. தன் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு போகும் வரையில் வெளிக்குக் காட்டிக்கொள்ளாது. எண்ணெய் மிதக்கிறதென்றால் ஏற்கனவே பெரும் பகுதி போய்விட்டது என்று பொருள். ஆகவே கண்ணால் பார்ப்பது அவசியம். அது மட்டும் போதாது. மலத்தில் எலாஸ்டேஸ் என்ற பொருளை அளந்து பார்க்கிறார்கள். 1 கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் சந்தேகம். 100க்கும் கீழே போனால் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. என்ஸைம் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதும் இந்தப் பரிசோதனை செய்யலாம். அளப்பது மனிதக் கணையத்தின் எலாஸ்டேஸை மட்டுமேயாதலால் மருந்து அதைக் கெடுப்பதில்லை. ஆனால் தண்ணீராய்ப் போகும் நாளில் எடுத்துக் கொடுத்தால் நீர்த்துப்போய்க் குறைவாகக் காட்டும். பிறந்து இரண்டு வாரம் ஆகாத சிசுவுக்கும் இயற்கையிலேயே குறைவாக இருக்கலாம். பழைய முறை இன்னொன்று: மூன்று நாள் தின்னும் கொழுப்பை நிறுத்துக் கொடுத்து, மூன்று நாள் மலம் முழுவதையும் சேகரித்து, தின்றதில் 100க்கு 7 பங்குக்கு மேல் வெளியே வந்துவிட்டால் குறை என்பார்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 15 பங்கு வரையில் விட்டுக் கொடுக்கிறார்கள். மூன்று நாளும் சேகரித்த தாய்மாருக்கு நமது நமஸ்காரம்.

ஜீனைப் பரிசோதித்தும் ஓரளவு ஊகிக்கலாம். சில பழுதுகள் இரண்டு புறமும் அமைந்தால் கணையம் அநேகமாகப் போய்விடும். வேறு சில லேசானவை. பிறந்தவுடன் மலம் இறங்காமல் குடல் அடைத்துக் கொள்ளும் சிசுக்களுக்கு என்ஸைம் தேவைப்படுவது ஏறக்குறைய நிச்சயம். மற்றக் குழந்தைகளில் சிலர் பிறக்கும்போது கணைய சக்தியுடன் பிறந்து முதல் வருஷத்திலேயே அதை இழக்கிறார்கள். ஆகையால் ஒரு தடவை 'தேவையில்லை' என்று எழுதிக் கொடுத்த காகிதத்தைச் சாசனம்போல் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது. எடை ஏறாமல் நின்றாலும் மலம் மாறினாலும் மறுபடியும் சோதிக்க வேண்டும். கணையம் நன்றாயிருக்கும் அதிர்ஷ்டசாலிகளுக்கு வேறொரு தொல்லை உண்டு: எஞ்சிய கணையம் திடீரென்று வீங்கிக் கடும் வயிற்று வலி கொடுக்கும். அதை அஜீரணம் என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக் காலம் கடத்தலாகாது.

இனி அளவு. லைபேஸை யூனிட் கணக்கில் சொல்வார்கள். ஒரு வேளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 500 முதல் 2,500 யூனிட் வரையில். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10,000-க்கு மேற்படலாகாது. நமது பையன் எடை 12 கிலோவாக உயர்ந்தபோது வேளைக்கு 12,000 யூனிட் என்றால் கிலோவுக்கு 1,000 வீதம் ஆயிற்று. அவனுடைய நாள் வரம்பு 1,20,000. இந்த வரம்பு வேடிக்கைக்காக ஏற்பட்டதல்ல. அதிக வீரியமுள்ள காப்ஸ்யூல்களை ஏராளமாகச் சாப்பிட்ட குழந்தைகளுக்குப் பெருங்குடல் தடித்துச் சுருங்கிப் போவதை 1994-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பின் வந்த எச்சரிக்கை இது. எனவே எண்ணெய் இன்னும் மிதக்கிறதே என்று வீட்டிலேயே ஒன்றுக்கு இரண்டாய்க் கூட்டுவது தகாது.

கூட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் பல. காப்ஸ்யூல் சாப்பாடு ஆரம்பிக்கும்போது உள்ளே போயிற்றா, அல்லது இலையை மடித்த பிறகா? சமையலறை அலமாரியில் சித்திரை வெயிலில் வெந்து சக்தி இழந்துவிட்டதா? பையன் விழுங்கினானா, ஜன்னலுக்கு வெளியே தூது அனுப்பினானா? உள்ளே இருக்கும் மணிகளை யாராவது பொடி பண்ணிப் பாலில் கலந்தார்களா? அந்த மணிகளின் மேற்பூச்சு இரைப்பையின் புளிப்பைக் கடந்து குடலில் கரைவதற்காக ஏற்பட்டது. மென்றாலும் நசுக்கினாலும் பூச்சுப் போய் வாயும் புண்ணாகும். சிறு குழந்தைக்கு மசித்த ஆப்பிள் போன்ற புளிப்புள்ள பழத்தில் தூவிக் கொடுத்து, ஈறில் மணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தும் குறை தீரவில்லையானால், குடலில் ஜியார்டியா கிருமியோ, மெய்யாகவே ஸீலியாக் வியாதியோ கூடவே இருக்கலாம். இரைப்பைப் புளிப்புக் குடலில் தணியாமலும் இருக்கலாம். இது டாக்டர் தீர்க்க வேண்டிய வழக்கு.

கடையில் விற்கும் ஜீரண டானிக்குகள் இதற்கு ஈடாகா. அவற்றில் பெரும்பாலும் மாவைக் கரைக்கும் டயாஸ்டேஸும், புரதத்தைக் கரைக்கும் பெப்ஸினோ பப்பாளிச் சத்தோதான் உண்டு. கொழுப்பைக் கரைக்கும் லைபேஸ் போதிய அளவு கிடையாது. நமது பந்துக்களின் அலமாரியில் இருந்த நான்கு புட்டிகளும் அந்த ஜாதிதான்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மெய்யான காப்ஸ்யூலில் இருக்கும் என்ஸைம்கள் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. மரக்கறி உண்போர் வீட்டிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் இது நெஞ்சை உறுத்தும் விஷயம். டாக்டர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். பின்னால் புட்டியின் சீட்டைப் படித்துத் தெரிந்துகொண்டு, சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடும் பாட்டிகள் உண்டு. உயிர் காக்கும் மருந்துக்கு மதத்தில் விலக்கு உண்டென்று பெரியவர்கள் பலர் ஏற்றிருக்கிறார்கள். நாம் சொன்ன பாட்டியம்மாள் ஒரு நாள் பூராவும் பேசாமல் இருந்தார். மறுநாள் காலையில் காப்ஸ்யூலைத் தம் கையாலேயே எடுத்துப் பேரனுக்குக் கொடுத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சென்ற சில ஆண்டுகளில் இந்தக் கேள்வி புது உருவம் எடுத்திருக்கிறது. வியாதிக்குக் காரணமான ஜீனை 1989-ல் கண்டுபிடித்தார்கள். அதன் பழுதையே சரிக்கட்டும் மருந்துகள் 2012 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்று வருகின்றன. மிகச் சிறு வயதில் இவற்றைத் தொடங்கிய குழந்தைகள் சிலருக்குக் கணையம் ஓரளவு விழித்துக்கொண்டு மலத்தில் எலாஸ்டேஸ் உயர்ந்திருக்கிறது. அப்படியானால் என்ஸைமைக் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்று மறுபடியும் அளந்து பார்க்க வேண்டியதாகிறது. அமெரிக்காவில் அத்தகைய மருந்து ஒன்றின் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் என்பதையும் சொல்லாமலிருப்பதற்கில்லை. நம் ஊரில் பெரும்பாலோருக்குக் காப்ஸ்யூலும் எடைத் தராசுமே கதி. சிறு வயதில் நன்றாக வளர்ந்த குழந்தைகளின் சுவாசப்பை பிற்காலத்தில் அதிக வலுவோடு இருப்பதாகப் பல தேசத்து ஆராய்ச்சிகளும் கண்டிருப்பதால், தராசை அலட்சியம் செய்வதற்கில்லை.

பையனுக்கு இப்போது வயது ஆறு. பள்ளிக்கூடம் போகிறான். கூட்டாளிகள் எதிரில் மருந்து விழுங்க வெட்கப்பட்டுக் காப்ஸ்யூலைப் பைக்குள்ளேயே வைத்திருந்து வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தான். அன்று சாயங்காலமே பாட்டியம்மாள் கண்டுபிடித்துவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தார் என்பது நேயர்களுக்குத் தெரியும். இப்போது உபாத்தியாயினி அம்மாளே டப்பாவைத் திறக்கும்போது கொடுத்து விடுகிறார். இளநீருக்கும் கொய்யாப்பழத்துக்கும் காப்ஸ்யூல் வேண்டாம், முறுக்குக்கும் தேங்காய்ச் சட்டினிக்கும் பாலுக்கும் வேண்டும் என்ற சட்டம் பையனுக்கு மனப்பாடம். "ஐஸ்கிரீமுக்கு?" என்று நாம் கேட்டோம். "அதற்கும் வேண்டும் மாமா. ஆனால் முதலில் ஐஸ்கிரீம் வேண்டும்" என்றான்.